ராயபுரம் 17

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது.
துப்பாக்கி வைத்திருப்பவர்கள்
கொண்டுவந்து ஒப்படைக்கணுமாம்.
அது பழம்பொருள் சார், சுடாது என்றேன்,
மியூசியத்துக் காகிதத்தைக் காட்டினேன்.
"சுடாதுன்னா இன்னா, ஒட்டடைக் குச்சியா?
எத்துக்கினு வா."

கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் பக்கம்
நாகூர்கனியின் காயலான் கடையில்
மிக்சி மோட்டார்களுக்கு அடியில் கிடந்தது.
குழாய் என்று தராசில் போட்டார்.
நாலு கிலோ முந்நூறு,
கட்டைக்குக் கழிவு போக மீதி இரும்பு.
விலை சொல்லுமுன்
என் முகத்தைப் பார்த்துவிட்டார்.
கிலோ கணக்கு அதோடு போச்சு.

பிறகு எட்டு மாசம்.
இருபது டன் பெட்டியைத்
தட்டில் முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைக்கிற கை
ஒரு திருகாணியிடம் மூன்று வாரம் கெஞ்சியது.
தையல் மிஷின் எண்ணெய், மண்ணெண்ணெய், பழைய பனியன்.
பகலெல்லாம் காசிமேட்டுக் காற்று செய்ததை
நைட் ஷிப்ட் இல்லாத ராத்திரிகளில் நான் அழிப்பேன்.
உப்புக்கும் எனக்கும் பங்காளிச் சண்டை,
தீர்ப்பு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து தேய்க்கையில்
பூட்டுத் தகட்டில் ஓர் இதயம் தெரிந்தது.
நாலு அறை. அறைக்கோர் எழுத்து.
கீழே 1796.
"கம்பெனிக்காரனுக்கு இதயம் வேற இருந்துச்சா"
என்றாள் அமலோற்பவம், வஞ்சிரம் அறுத்துக்கொண்டே.
இருந்தது.
சுத்தியலால் அடித்துப் பதித்தது.

தகட்டைக் கழற்றித் திருப்பினால்
யாரும் பார்க்காத உள்பக்கத்தில்
அரத்தால் இழுத்த மூன்று கோடு.
முத்திரை இல்லை அது, கூலிக் கணக்கு.
எந்தப் பட்டறையிலோ எவனோ
சனிக்கிழமைச் சம்பளத்துக்குத்
தன் உருப்படியை அடையாளம் வைத்திருக்கிறான்.
வெளியே இருக்கும் கிரீடத்தைவிட
அதைத்தான் நான் அதிகம் தடவியிருக்கிறேன்.

சவுகார்பேட்டை அடகுக் கடையில் பிடித்த
கைத்துப்பாக்கி ஒன்றும் உண்டு.
அதற்குச் சிக்கிமுக்கி வேண்டாம், செம்புத் தொப்பி போதும்.
தொப்பிக்கு எங்கே போக?
தீபாவளிப் பொட்டு கேப்பைக் காம்பில் ஒட்டிக்
குதிரையை விட்டேன்.
டப்.
தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.
அமலோற்பவம் மூன்று நாள் பேசவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் வேதாசலம் பதிவேட்டைத் திறந்தார்.
சவரிராயன், கல்மண்டபம், கிரேன் ஆபரேட்டர்.
தோட்டா?
இல்லை சார்.
கடைசியா எப்ப சுட்டது?
தெரியாது சார்.
இதுமேல கேஸ் ஏதாவது இருக்கா?

அந்தக் கேள்விக்கு எங்கிருந்து தொடங்குவது?
முக்கால் அங்குல வாய் அதற்கு,
ஒரு வார்த்தை சொன்னதில்லை என்னிடம்.
யார் தோளில் இருந்தது,
எந்தக் கோட்டை வாசலில் நின்றது,
யாரைப் பார்த்து நீண்டது.
நான் யோசித்து நிற்பதற்குள் அவர்
"இல்லை" என்று எழுதிக் கோடு போட்டுவிட்டார்.

நாற்பத்தோரு நாள் கழித்துத் திரும்பி வாங்கினேன்.
கஞ்சா கேஸ் தராசோடும்
பட்டாக்கத்திகளோடும் இருந்திருக்கிறது.
தோளில் பதியும் அடிக்கட்டையில்
வெள்ளைப் பெயின்ட்டில் 17,
வழிந்து, காய்ந்து.

கண்ணில் தண்ணி வந்தது உண்மை.
தின்னர் வாங்கிவந்து, துணியை நனைத்துத்
தேய்க்க ஆரம்பித்தேன்.
அப்போதுதான் பித்தளைப் பட்டியில்
எத்தனையோ தடவை பார்த்த அந்த எண்:
62.
காலையில் எண்ணிக் கொடுத்து
சாயங்காலம் எண்ணி வாங்கி வைத்த
யாரோ ஒரு ரைட்டர் அடித்தது.
அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து
ஊர்முழுக்கப் பெருமை பேசியவன் நான்.

துணியைக் கீழே வைத்தேன்.
அதற்குள் ஒன்றின் கால் பாதி அழிந்திருந்தது.
இப்போது விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால்
மற்றதெல்லாம் சரி,
அந்தக் காலுக்காகத்தான் கொஞ்சம் வருத்தம்.